வகுப்பு முடிந்த பிறகு



2015 டிசம்பரில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோஹித் வெமுலாவுக்கும் அவருடைய நான்கு தோழர்களுக்கும் விதித்த தண்டனையை இன்னொரு முறை கவனமாகப் பார்ப்போம். வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம். ஆனால் விடுதியில் தங்கக் கூடாது. நிர்வாகக் கட்டடத்திலும் பொது இடங்களிலும் கூட்டாக நடமாடக் கூடாது. மாணவர் பேரவைத் தேர்தலில் கலந்துகொள்ளக் கூடாது. படிப்பை யாரும் தடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள இதில் இடமிருக்கிறது. ஐந்து பேரும் ஜனவரித் தொடக்கத்தில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். திறந்த வெளியில் தங்கி அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது சேரியைக் குறிக்கும் சொல். ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம்.

ஒரு மாணவரை வளாகத்திலிருந்து அகற்ற வகுப்பறைக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. தங்கும் இடம், உண்ணும் இடம், கூடிப் பேசும் இடம் இவற்றை எடுத்துவிட்டால் போதும். அதிகாரத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கல்லூரி இடைநிற்றலைப் பற்றிப் பேசும் நாம்தான் மதிப்பெண், ஆங்கிலம், குடும்ப வறுமை என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம் ஆகியவற்றிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவர்கள் 13,000க்கும் மேற்பட்டோர் விலகியதாக 2023இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் உண்டு, வேறு படிப்புக்கு மாறிப் போகிறார்கள் என்பது அரசின் விளக்கம். சிலர் அப்படிப் போயிருக்கலாம். எல்லோருமா?

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டிண்டோ 1975இல் இடைநிற்றல் குறித்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அதற்கு அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டது எமில் துர்கைமின் தற்கொலை பற்றிய ஆய்வை. சமூகத்தோடு பிணைப்பு அறுந்தவர் உயிரைத் துறக்கிறார் என்று துர்கைம் சொன்னதைப் போல, கல்லூரியின் கல்வி வாழ்வோடும் சமூக வாழ்வோடும் பிணைப்பு ஏற்படாதவர் கல்லூரியைத் துறக்கிறார் என்றார் டிண்டோ. நண்பர்கள், சங்கங்கள், வகுப்புக்கு வெளியே ஆசிரியரோடு பேச்சு ஆகியவை படிப்பின் ஓரத்தில் இருப்பவை அல்ல, மாணவரைத் தக்கவைப்பவை என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கல்லூரியோடு ஒன்ற வேண்டுமானால் பிறந்த சமூகத்திலிருந்து விலகி வர வேண்டும் என்பது அந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களை ஆராய்ந்த வில்லியம் டியர்னி 1992இல் இதைக் கேள்வி கேட்டார். நமக்கும் அதே கேள்வி உண்டு. ஊர்ப் பெயரை மறைத்து, பேச்சை மாற்றி, தட்டில் இருப்பதை ஒளித்து ஒன்றுவதற்குப் பெயர் ஒன்றுதலா? ஒதுக்குவது யார் என்றும் கேட்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் குறித்து சுகதேவ் தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். விடுதி அறை, உணவுக்கூடம், விளையாட்டுத் திடல் என்று அது காட்டும் தீண்டாமையில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே நடந்தது. தொல்லை தாங்காமல் நம் மாணவர்கள் விடுதியின் சில தளங்களில் ஒன்றாகச் சேர்ந்து வாழ வேண்டியிருந்தது.

அம்பேத்கர் இதை எப்போதோ கணித்திருந்தார். மும்பையில் அவர் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது 1946இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1924இல் உருவான பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா வழியாக அவர் செய்தவை: சோலாப்பூரில் ஒரு விடுதி, மும்பையில் ஓர் இலவச வாசகசாலை, மகர் இளைஞர்களுக்கு ஒரு ஹாக்கிக் குழு. ஆம், ஹாக்கி! அம்பேத்கரைப் புத்தகக் குவியலுக்கு நடுவிலேயே வைத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். படுக்க ஓர் இடம், படிக்க ஓர் இடம், விளையாட ஓர் இடம் இருந்தால் பிள்ளை படிப்பில் நிற்பான் என்பது அவருடைய கணக்கு.

எங்கள் வட்டத்தின் அனுபவத்தையும் சொல்கிறோம். தொடக்கத்தில் தவறாகவே செய்தோம். கல்லூரி வாசலுக்கு எதிரே மாலை ஐந்தரைக்கு வாசிப்புக் கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் ஏற்கெனவே படிக்கிறவர்கள், டவுனில் தங்கியிருப்பவர்கள். கிராமங்களுக்குப் போகும் பஸ் ஐந்தேகாலுக்கு. பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. யாருக்காகக் கூட்டம் நடத்தினோமோ அவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றிய பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி வந்துகொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் மூன்று வாரமாகக் காணவில்லை. ஆங்கிலம் புரியாமல் நின்றிருப்பார் என்றே நினைத்தோம். இரண்டு சீனியர் அக்காமார் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது வேறு விஷயம் தெரிந்தது. கல்வி உதவித்தொகை வரவில்லை. கட்டணம் கட்டாதவர்கள் பெயரை வகுப்பில் உரக்கப் படித்திருக்கிறார்கள். "எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கக்கா" என்றாராம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததுதான் தடை. அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு உடன்வர ஆள் இல்லாமல் ஒரு பட்டம் போயிருக்கும்.

அதனால் எங்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டோம். இலக்கியம் விட்டுப்போகவில்லை, பறையும் கவிதையும் சிறு பத்திரிகையும் இருக்கின்றன. ஆனால் சேர்க்கை முடிந்த முதல் ஆறு வாரத்தில் புது மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரைப் பெயர் சொல்லி ஒப்படைக்கிறோம். சான்றிதழ், விடுதி விண்ணப்பம், 75 சதவீத வருகைக் கணக்கு, அரியர் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, இத்தனையும் அந்தச் சீனியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் போன், நான்காம் நாள் வீடு. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டமோ கலைக்குழுவோ இதைச் செய்யாது. அவை ஏற்கெனவே முன்வரிசையில் நிற்பவர்களைத் தேடி எடுக்கின்றன. பின்வரிசையிலிருந்து எழுந்து போகிறவரை அடையாளம் காண அதே வரிசையில் உட்கார்ந்தவர் வேண்டும்.

இந்த ஆண்டு சேர்க்கைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கைப்பந்துக் குழுவும் ஒன்று தொடங்குகிறோம், பெண்களுக்கும் சேர்த்து. வாசலில் உள்ள மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. கல்லூரியின் பெயர், துறை, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.