உயிரின் விலையன்று

இறந்தவர் மீண்டு வருவதில்லை. இதை அறியாதார் யாருமில்லை. ஆயினும், ஒருவருடைய கவனக் குறைவினால் மற்றொருவர் உயிர் நீத்தால், இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு கேட்கலாம் என்று சட்டம் சொல்லுகிறது. “போன உயிருக்குப் பணம் ஈடாகுமா?” என்று இதைக் கேட்டு முகஞ் சுளிப்பவர்கள் உண்டு. துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று வாளாவிருந்து விடுகிறவர்களும் உண்டு. அவ்வாறு இருந்துவிட்ட வீடுகளில், தந்தையோடு பிள்ளைகளின் படிப்பும் போய்விடுவதைக் காண்கிறோம். ஆதலால், இந்த நஷ்டஈடு எதற்காக ஏற்பட்டது, அதை எவ்வாறு பெறுவது என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு பழைய வழக்கைச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் ஒரு பயணக் குதிரை வண்டி கவிழ்ந்தது. அதில் சென்ற கணவர் காயத்தோடு பிழைத்தார். மனைவியோ ஏறக்குறைய ஒரு மாதம் கிடந்து இறந்தார். கணவர் வழக்காடினார். 1808-ஆம் ஆண்டில் அதை விசாரித்த எல்லன்பரோ பிரபு, கணவரின் காயத்துக்கும், மனைவி உயிரோடு கிடந்த நாள்வரை அவர் துணையை இழந்ததற்கும் நஷ்டஈடு உண்டு; மனைவியின் மரணத்துக்கு ஒன்றும் இல்லை என்று கூறிவிட்டார். அதாவது, ஒருவரை முடமாக்கினால் பணம் கொடுக்க வேண்டும்; கொன்றே விட்டால் கொடுக்க வேண்டியதில்லை! ரயில் வண்டிகள் பெருகி, விபத்துகளும் பெருகிய காலத்தில் இந்த அநீதி பலர் கண்ணிலும் பட்டது. 1846-ல் காம்பெல் பிரபுவின் முயற்சியால் வந்த சட்டம் இதை மாற்றிற்று. அதனையொட்டி 1855-ல் இந்தியாவிலும் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் வழக்குரிமை பெற்றனர்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சட்டம் உயிருக்கு விலை பேசவில்லை. இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் எதை இழந்தார்கள் என்றுதான் அது கேட்கிறது. மற்றவையெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

சாலை விபத்தை எடுத்துக்கொள்வோம். விபத்து நடந்தவுடன் போலீசார் வழக்குப் பதிவு செய்கிறார்கள். அது ஓட்டியவரைத் தண்டிப்பதற்காக அரசாங்கம் நடத்தும் வழக்கு. நஷ்டஈட்டு வழக்கு வேறு. அதைக் குடும்பத்தாரே தொடுக்க வேண்டும். முன்னதில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். பின்னதில், ஓட்டியவரின் கவனக் குறைவே காரணமாயிருக்கக்கூடும் என்னும் பக்கம் தராசு சாய்ந்தால் போதும். ஆகவே, ஓட்டியவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காகவே குடும்பத்தார் மனம் தளர வேண்டியதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இதற்கெனத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுச் செய்ய வேண்டுமென்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலும் செய்யலாம். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆதலால் காலந் தாழ்த்தலாகாது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுக்கும் வருமானத்துக்கும் உரிய ஆதாரங்கள் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் சொந்தக்காரரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள் ஆவர்.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வழங்கிய இரண்டு தீர்ப்புகள் இந்த அளவையை வகுத்துத் தந்தன. சொந்தமாகத் தொழில் செய்து மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய ஒருவர் 34 வயதில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரு குழந்தைகள், வயதான தாய் என நால்வர். அவர் உயிரோடிருந்தால் வருமானம் வளர்ந்திருக்கும் அல்லவா? அதற்காக நூற்றுக்கு 40 கூட்டினால் 21,000 ஆகிறது. அதில் நான்கில் ஒரு பங்கை அவர் தமக்கே செலவிட்டிருப்பார் என்று கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். இதனோடு ஈமச் செலவு, துணையை இழந்த துயரம் முதலியவற்றுக்குக் குறிப்பிட்ட தொகைகள் சேரும். இறந்தவரிடமும் தவறு இருந்ததாகத் தெரிந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

இனி ஒரு கேள்வி. இறந்தவர் சம்பளம் வாங்காத இல்லத்தரசியானால், குடும்பம் இழந்தது ஒன்றுமில்லையா? விடியுமுன் எழுந்து, சமைத்து, துவைத்து, முதியோரைப் பேணி, குழந்தைகளை வளர்த்தவருக்குக் கணக்கில் இடமில்லை என்பது எவ்வளவு கொடுமை! 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நிகழ்ந்த தீ விபத்தில் பல பெண்கள் இறந்தனர். அவ்வழக்கில் 2001-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் பணிகளை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2021-ல் வந்த மற்றொரு தீர்ப்பு, அவர்களுக்கும் வருமானம் ஒன்றைக் கருதிக்கொண்டு, வருங்கால உயர்வையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமென்றது. கூலி இல்லாத உழைப்பும் உழைப்பே என்று நாட்டின் உயர்ந்த நீதிபீடம் ஒப்புக்கொண்டதை நாம் சிறிய செய்தியாக நினைத்தலாகாது.

யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் ரூபாய் பெறவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. அத்தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஏற்றுக்கொண்டால், தவறு காட்டித் தொடுத்த பெரிய வழக்கு அற்றுப்போகும். மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் கையெழுத்திடுவதே அறிவுடைமை. மோதிய வண்டி அடையாளந் தெரியாமல் ஓடிவிட்டால், அதற்கென உள்ள திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ரயில் விபத்துகளுக்கு ரயில்வே தீர்ப்பாயம் தனியே உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டு வீடு தேடி வரும் தரகர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். குழந்தைகளின் பங்கு, அவர்கள் வயது வரும்வரை பாங்கியில் வைக்கப்படுவது வழக்கம்; அதை வேறெவரும் செலவிட்டுவிட முடியாது.

மாணவர்களே! நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில், வந்த காகிதத்தைப் படித்துப் பொருள் சொல்லக் கூடியவர் அவ்வீட்டு மாணவர் ஒருவரே. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு துயரம் நேர்ந்தால், அழுகை ஓய்ந்த பிறகு, இன்ன காகிதங்கள் வேண்டும், இன்ன நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். இறந்தவரை அது மீட்டுத் தராது. ஆனால் அவர் தம் பிள்ளைகளுக்குச் செய்ய நினைத்ததில் ஒரு பகுதியாவது நிறைவேறும்.