வாடிவாசல் புழுதியும் ஒரு வட்டக் கண்ணாடியும்

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே புதுக்கோட்டை மாவட்டத்தில் காளைகள் அவிழத் தொடங்கிவிடும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்றால் பெரும்பாலும் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சிதான். காளை பாயும் களத்தில் தேங்காய் நாரைப் பரப்பியிருப்பார்கள், விழுகிறவனுக்கு அடி குறையட்டும் என்று. இருபது காளை போவதற்குள் நாரும் நார்த்தூளும் அடியில் கிடந்த செம்மண்ணும் ஒன்றாகக் கலந்து, ஆள் உயரத்துக்கு எழும்பி, காலை வெயிலில் பொன்னாக மின்னும். படத்தில் பார்க்க அது கொள்ளை அழகு. படம் எடுக்கிற லென்ஸுக்குத்தான் கண்டம்.

பத்து மணி வாக்கில் கேலரியில் நிற்கும் கேமராக்காரர்களைக் கவனித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். கேமராவை முகத்துக்கு நேரே திருப்புவார், வாயால் ஊதுவார், கழுத்தில் கிடக்கும் துண்டின் நுனியால் லென்ஸை வட்டமாக இரண்டு சுற்றுத் துடைப்பார். காளை முட்டிக் கெட்ட லென்ஸைவிட இந்தத் துண்டு துடைத்துக் கெட்ட லென்ஸ் அதிகம் என்பது என் கணிப்பு.

காரணம் எளிது. கனிமங்களில் எது எதைக் கீறும் என்று வரிசைப்படுத்த மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. முகப்பவுடரில் சேரும் டால்க் அதில் 1, வைரம் 10. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் 7. ஆலங்குடி, கந்தர்வக்கோட்டைப் பக்கமெல்லாம் செம்பூரான் கல் கிடக்கும் பூமி. அந்த மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, கரகரப்பு குவார்ட்ஸ். புழுதி தானாக வந்து லென்ஸில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை, படத்தில் தெரிவதும் அபூர்வம். அதைத் துண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்துத் தேய்க்கும்போதுதான் துண்டு உப்புத்தாளாகிவிடுகிறது. கோடுகள் முடியைவிட மெல்லியவை, நேரே பார்த்தால் தெரியாது. எதிர்வெயிலில் எடுத்த படம் வெளிறிப்போய் வரும்போதுதான் தெரியும்.

துண்டை விடச் சொன்னால் யாரும் விடப் போவதில்லை. ஆகவே லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடியைத் திருகி, துண்டின் கோபத்தை அதன்மேல் காட்ட விடுவது நல்ல யோசனை. கடையில் அதை ‘யூவி’ என்று கேட்டு வாங்குகிறோம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இன்றைய கேமராவுக்கு அந்த வேலையே தேவையில்லை.

பிலிம் காலத்தில் தேவைப்பட்டது. பிலிமில் பூசிய வெள்ளி உப்புக்கு இயல்பிலேயே நீலத்தின் மீதும் அதைத் தாண்டிய புற ஊதா மீதும் ஆசை அதிகம். கலர் பிலிமில் நீலத்தைப் பிடிக்கும் அடுக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் அது நீலம் என்றே கணக்கெழுதிவிடும். அலைநீளம் குறையக் குறைய ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. 19ஆம் நூற்றாண்டில் ராலே பிரபு வகுத்த கணக்கு இது. போதாக்குறைக்குக் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போய்வந்த அந்தக்கால ஆல்பங்களில் தூரத்து மலைகள் நீலப் புகையில் மூழ்கிக் கிடப்பது இப்படித்தான். யூவி பில்டர் அந்த நீலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. சமவெளியான புதுக்கோட்டையில் அப்போதுகூட அதற்குப் பெரிய வேலை இருந்திருக்காது.

டிஜிட்டல் கேமராவிலோ சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து கண்ணாடிகளும் தம் பங்குக்குப் புற ஊதாவை விழுங்கிவிடுகின்றன. எனவே ‘யூவி’ என்று எழுதியதும், ‘புரொடெக்டர்’ என்று மட்டும் எழுதிய வெறும் தெளிகண்ணாடியும் இன்று நமக்கு ஒன்றுதான். கடைக்காரர் யூவி நம்பரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

ஆர்வத்துக்காகச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் ஒரு ரூபாய் நோட்டை வைத்தால் அதன் வரிசை எண்ணும் உள்ளே புதைந்த இழைகளும் ஒளிரும். விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவில் பில்டரைப் பிடியுங்கள். ஒளிர்வு அணைந்தால் அது உண்மையான யூவி. ஆனால் விளக்கு 365 நானோமீட்டராக இருக்க வேண்டும். மலிவான ஊதா டார்ச்சுகள் 395 பக்கம் எரிபவை. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வாசற்படி, நல்ல பில்டரும் அதில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும். நான் அப்படி ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு நல்ல பில்டரைப் போலி என்று முடிவு கட்டி, ஒரு கடைக்காரரிடம் அரைமணி நேரம் வழக்காடியிருக்கிறேன்.

பார்க்க வேண்டியது கோட்டிங்கை. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். முன்பரப்பு, பின்பரப்பு என்று இரண்டு. ஆக ஏறக்குறைய 8 சதவீதம் போச்சு. போவதாவது பரவாயில்லை, போனது சும்மா இருக்காது என்பதுதான் தொல்லை. நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் ஓர் இரவு சீரியல் பல்பு அலங்காரத்தைப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கருவானத்தில் பச்சையாக இன்னொரு அலங்காரம், தலைகீழாக. வலது கீழ்மூலையில் எரியும் விளக்குக்கு இடது மேல்மூலையில் ஓர் ஆவி. இடது ஓரத்து விளக்குக்கு வலது ஓரத்தில். படத்தின் நடுப்புள்ளியில் ஆணி அடித்து அரைச்சுற்றுச் சுற்றிய மாதிரி அத்தனை கணக்காக.

நடந்தது இதுதான். விளக்கின் ஒளி லென்ஸ் வழியே போய்ச் சென்சாரில் விழுகிறது. சென்சார் பளபளப்பானது, ஒரு பங்கை வந்த வழியே திருப்பி விடுகிறது. திரும்பி வருவது லென்ஸைக் கடந்து வெளியே போயிருக்க வேண்டியது. வாசலில் தட்டையாக ஒரு கண்ணாடி நிற்கிறது. அது மறுபடியும் உள்ளே தள்ளிவிடுகிறது. லென்ஸின் வளைந்த முன்கண்ணாடி தள்ளியிருந்தால் ஒளி கலைந்து மங்கிப் போயிருக்கும். பில்டர் தட்டை என்பதால் நறுக்கென்று இரண்டாவது பிம்பமாகவே விழுகிறது. அன்று நான் மாட்டியிருந்தது முந்நூறு ரூபாய்க் கண்ணாடி, அதுவும் கோட்டிங் இல்லாதது.

இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் சூட்சுமம் அழுக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் லென்ஸ் வடிவமைத்த டென்னிஸ் டெய்லர் 1890களில் ஒன்றைக் கவனித்தார்: வயதாகி மேற்பரப்பு மங்கிப்போன லென்ஸ்கள் புது லென்ஸைவிட அதிக ஒளியைக் கடத்தின. 1935இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா அந்த மங்கலை வேண்டுமென்றே, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்கு மக்னீசியம் ஃப்ளூரைடு ஏறக்குறைய 100 நானோமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் 700இல் ஒரு பங்கு! ஒற்றைப் பூச்சு 4 சதவீதத்தை ஒன்றரைக்குக் கீழே கொண்டுவரும். பல அடுக்குப் பூச்சு அரை சதவீதத்துக்கும் கீழே.

கடையில் இதைக் காண கருவி எதுவும் வேண்டாம், மேலே ஒரு டியூப்லைட் எரிந்தால் போதும். பில்டரைச் சாய்த்து அதில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று முகம்பார்க்கும் கண்ணாடிபோல் தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் பல அடுக்கு. அட்டையில் ‘மல்டிகோட்’ என்று எழுதியிருப்பதைவிட இந்த டியூப்லைட் சாட்சி நம்பகமானது. நல்ல பூச்சுள்ளதிலும் இரவு விளக்குக்கு ஆவி முழுதாகப் போய்விடாது. திருவிழா இரவு, தெப்பம், கார்த்திகைத் தீபம் என்றால் நான் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். 1687இல் கட்டிய திருமயம் கோட்டையின் உச்சிப் பீரங்கிமேடையில் நின்று, அடங்கும் சூரியனையே சட்டத்துக்குள் வைத்து எடுக்கும்போதும் அப்படித்தான்.

வாடிவாசலுக்கு வருவோம். கேலரி தூரத்திலிருந்து எடுப்பவர்கள் 70–200, 70–300 என்று நீள லென்ஸ் வைத்திருப்பார்கள். அதில் வேறொரு சங்கடம். பில்டரின் இரு பரப்பும் சரியாகத் தட்டையாக இல்லாவிட்டால் சாதாரண லென்ஸில் தெரியாத பிசகு, தூரத்தை இழுக்கும் லென்ஸில் பெரிதாகிவிடும். காளையின் திமிலைப் பிடித்திருக்கும் விரல்கள் கூராக இருக்க வேண்டிய இடத்தில் வெண்ணெய் தடவியதுபோல் இருக்கும். பழி ஃபோகஸ் மேலும் கையின் மேலும் விழும். வாங்கிய அன்றே எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை முழு ஜூமில், ஸ்டாண்டில் வைத்து, பில்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸின் முன்னால் ஜன்னல் கண்ணாடித் துண்டை மாட்டுவதற்கு மாட்டாமலே இருக்கலாம்.

அளவு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 18–55 என்பது குவிய நீளம், பில்டர் அளவு அல்ல. வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 49, 55, 58, 67, 77 என்று ஓர் எண் லென்ஸ் முகப்பிலோ மூடியின் உட்புறத்திலோ இருக்கும். அதுதான் மி.மீ. கணக்கில் மறையின் விட்டம்.

கீழே விழுந்தால் பில்டர் காப்பாற்றுமா? உடைந்த பில்டரைக் காட்டி, “லென்ஸுக்கு வந்ததை இது வாங்கிக்கிச்சு” என்பவர்கள் உண்டு. திருஷ்டிப் பூசணி உடைந்ததால் கண்ணேறு கழிந்தது என்பதுபோல. பில்டர் கண்ணாடி மெல்லியது. லென்ஸின் முன்கண்ணாடி தாங்கியிருக்கக்கூடிய அடிக்கே அது நொறுங்கும். நொறுங்கிய சில்லே லென்ஸைக் கீறுவதும் உண்டு. விழுவதற்கும் இடிபடுவதற்கும் பிளாஸ்டிக் ஹூட் மேல். கேலரி நெரிசலில் முழங்கைகள் படுவது முதலில் அதன் மீதுதான்.

மாவட்டத்தின் இன்னொரு முனையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கட்டுமாவடி. அங்கே புழுதிக்குப் பதில் உப்புச்சாரல். அலைத்துளி காய்ந்தால் உப்பு மிஞ்சும். உப்பின் கடினம் மோஸ் கணக்கில் 2.5தான், தானாகக் கண்ணாடியைக் கீறாது. ஆனால் அது கடற்கரை மணலைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். இங்கே பில்டருக்கு நான் முழு ஓட்டுப் போடுவேன். முன்கண்ணாடி உள்ளே நகரும் சில லென்ஸ்களுக்கு, தூசியும் நீரும் புகாதிருக்க பில்டரும் மாட்ட வேண்டும் என்று கேனான் தன் கையேட்டிலேயே சொல்கிறது. 17–40 லென்ஸ் அதில் ஒன்று. பில்டரைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவலாம், லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. முதலில் தண்ணீர், உப்பு கரைந்து மணல் ஓடிய பிறகு துணி. ஜல்லிக்கட்டுக் களத்திலும் இதே வரிசைதான், தண்ணீருக்குப் பதில் ரப்பர் ப்ளோயர். வாயால் ஊதினால் எச்சிலும் சேர்ந்து வரும்.

உப்புக்காற்றில் அலுமினிய வளையம் லென்ஸின் மறையோடு கடித்துக்கொள்ளும். பித்தளை வளையம் விலை கூடுதல், ஆனால் அவ்வளவு எளிதில் கடிக்காது. கடித்துக்கொண்டால் இடுக்கியைத் தொட வேண்டாம். விரலால் இரண்டு பக்கம் அழுத்திப் பிடித்தால் வட்டம் முட்டைவடிவமாகி இன்னும் இறுகும். ரப்பர் செருப்பு ஒன்றைக் கழற்றி, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, வளையம் முழுவதும் ஒரே சீராகப் படியும்படி லென்ஸை அதன்மேல் கவிழ்த்து லேசாக அழுத்தி இடப்பக்கம் திருகுங்கள். கட்டுமாவடிக் கரையில் ஒரு மீன்காரர் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து எனக்குக் கழன்றது அப்படித்தான். மீன் வாடை போக இரண்டு நாளானது.