கூடைப்பந்து ஒப்பந்தத்தில் விசுவாசத்துக்கு இடமுண்டா?

வட அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஒப்பந்தம் உறுதிசெய்வது சம்பளத்தைத்தான். வீரர் எந்த ஊரில் ஆடுவார் என்பதை அல்ல.

டெமார் டெரோசன் இதற்குச் சான்று. 2016ல் டொரோண்டோ ரேப்டர்ஸ் குழுவுடன் ஐந்தாண்டுக்கு 139 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கையெழுத்திட்ட அவர், வேறு குழுக்களுடன் பேசவே இல்லை.

இருப்பினும், 2018 ஜூலையில் நிர்வாகம் அவரை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து காவாய் லெனர்டைப் பெற்றது. மறு ஆண்டே டொரோண்டோ முதன்முறையாகப் பட்டம் வென்றது. ஒரே பருவம் ஆடிய லெனர்டோ, தம் விருப்பப்படி லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்சில் சேர்ந்துவிட்டார்.

தம்மை வேறு குழுவுக்கு மாற்றுவதைத் தடுக்கும் உரிமையை வீரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். ஆனால், அதற்கு லீக்கில் எட்டு ஆண்டும் அதே குழுவில் நான்கு ஆண்டும் ஆடியிருக்க வேண்டும். 2016ல் டெரோசன் முடித்திருந்தது ஏழு பருவங்களே.

அந்த உரிமையைப் பெற்ற சிலரில் ஒருவர் டல்லாஸ் குழுவின் டர்க் நோவிட்ஸ்கி. 2014ல் கூடுதல் தொகை தர முன்வந்த குழுக்களை மறுத்து, குறைந்த சம்பளத்துக்கு டல்லாசிலேயே தொடர்ந்தார். 21 பருவங்களும் அங்கேயே ஆடி, 2019ல் ஓய்வுபெற்றார்.

இருவரும் குழுவிடம் பற்று வைத்தவர்களே. நோவிட்ஸ்கியின் பற்றுக்கு எழுத்தில் காப்பு இருந்தது, டெரோசனுக்கு இல்லை.