கழுவும் நீரின் விசை: பிரஷர் வாஷரைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டைப் பகுதி, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நகரின் மையப் பகுதியாகும். பத்மநாபசுவாமி கோயிலின் முன்னுள்ள பத்மதீர்த்தக் குளத்தின் கற்படிகள், சாலைக் கடைவீதியின் கடை முகப்புகள், பழைய அக்கிரகார வீடுகளின் முற்றங்கள், பேருந்து நிலையத்தைச் சூழ்ந்த நடைபாதைகள் ஆகியவை ஆண்டின் பெரும்பகுதி ஈரத்தில் ஊறியிருக்கின்றன. ஈரம் நின்ற இடத்தில் பாசி படர்கிறது. பாசி படர்ந்த இடத்தில் முதியோர் வழுக்கி விழுகின்றனர். ஆகவே துடைப்பமும் தேய்ப்பானும் செய்து வந்த வேலையை இன்று நீர்த்தாரையைக் கொண்டு விரைவாகச் செய்து முடிக்கப் பலரும் விரும்புகின்றனர்.

இவ்வேலைக்கெனப் பயன்படும் இயந்திரம் 'பிரஷர் வாஷர்' எனப்படும். 1950-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பிரட் கெர்ஷர் என்பவர் சுடுநீரைக் கொண்டு இயங்கும் இத்தகைய இயந்திரம் ஒன்றை அமைத்தார். இன்று சிறு மின்மோட்டார் பொருத்திய வகைகள் இரும்புக் கடைகளிலும் கிடைக்கின்றன. மாதத்தில் ஓரிரு முறை மட்டும் கூலிக்குக் கழுவும் வேலையை ஏற்கும் தனியாளோ, 1998-இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சார்ந்த சிறு தொழில் குழுவோ, எந்த இயந்திரத்தை வாங்குவது, அல்லது வாங்காமலே விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் காணும் மிகப் பெரிய எண்ணை மட்டும் நோக்கி வாங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். அதன் காரணத்தை அறிய, இயந்திரம் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இயங்கும் முறை

குழாயிலிருந்து வரும் நீரை ஒரு மோட்டார் இயக்கும் பம்பு உள்ளிழுத்து, சிறு துளை வழியே வெளியே தள்ளுகிறது. வீட்டுக் குழாயில் நீரின் அமுக்கம் சாதாரணமாக இரண்டு, மூன்று 'பார்' அளவே இருக்கும். ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டலத்தின் அமுக்கத்துக்குச் சமம். பிரஷர் வாஷரோ 100 முதல் 200 பார் வரை அமுக்கத்தை உண்டாக்குகிறது. 120 பார் அமுக்கத்தில் துளையை விட்டு வெளிப்படும் நீர், கணக்கின்படி நொடிக்குச் சுமார் 155 மீட்டர் வேகத்தில் செல்லும். நிமிடத்துக்கு 8 லிட்டர் நீரை இவ்வேகத்தில் விடும் துளையின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே ஆகும். இத்துணைச் சிறு துளையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் தாரை கெடும் என்பது வெளிப்படை. எனவே நீர் நுழையும் வாயில் வடிகட்டி இருத்தல் இன்றியமையாதது.

அமுக்கமும் நீரளவும்

இயந்திரத்தின் ஆற்றல் இரண்டு எண்களால் அறியப்படும். ஒன்று அமுக்கம், மற்றொன்று நிமிடத்துக்கு வெளிவரும் நீரின் அளவு. அமுக்கம் ஒட்டியுள்ள அழுக்கைப் பெயர்க்கிறது; நீரளவு பெயர்ந்த அழுக்கை அடித்துக்கொண்டு போகிறது. இவ்விரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், நீர்க்குக் கொடுக்கப்படும் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 120 பாரும் 8 லிட்டரும் உடைய இயந்திரத்தில் 120 × 8 ÷ 600 = 1.6 கிலோவாட் ஆகும். 80 பாரும் 12 லிட்டரும் உடைய மற்றோர் இயந்திரத்திலும் திறன் அதே 1.6 கிலோவாட்தான். எனினும் இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. தாரை சுவர்மேல் செலுத்தும் மொத்த விசை, நீரளவையும் அமுக்கத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. அவ்வாறு கணக்கிட்டால் இரண்டாவது இயந்திரத்தின் விசை முதலாவதைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிறது. சேறும் மணலும் படிந்த கடை முற்றத்துக்கு இரண்டாவதே ஏற்றது. சிமெண்டுத் தரையில் இறுகப் பற்றிய பாசிக்கு முதலாவது ஏற்றது.

வாங்குவோர் இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் உச்ச அமுக்கமேயாகும். வேலை நடக்கும்போது நிலைத்து நிற்கும் அமுக்கம் அதைவிடக் குறைவு. இயந்திரத்தில் பதித்துள்ள தகட்டில் இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது வேலை அமுக்கத்தையே.

மின்சாரமும் நீரும் போதுமா?

1.6 கிலோவாட் திறனை நீருக்கு அளிக்க, மோட்டாரிலும் பம்பிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்து, சுமார் 2.2 கிலோவாட் மின்சாரம் தேவை. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக்கு 1.38 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்கு 3.68 கிலோவாட் வரை தாங்கும். ஆகவே கழுவ வேண்டிய இடத்தில் 16 ஆம்பியர் பிளக்கு உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். 200 பாரும் 15 லிட்டரும் உடைய பெரிய இயந்திரத்துக்கு 6 கிலோவாட்டுக்கு மேல் வேண்டியிருப்பதால், அதற்கு மும்முனை மின்னிணைப்போ பெட்ரோல் இன்ஜினோ அவசியமாகிறது. பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. மூடிய கிடங்குகளிலும் நெருங்கிய கடைகளுக்குள்ளும் அதை ஒருபோதும் இயக்கலாகாது.

நீட்டுக் கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. 30 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் இவ்வியந்திரம் ஓடும்போது 11 வோல்ட்டுக்கு மேல் குறையும். மோட்டார் புறப்படும் கணத்தில் இக்குறைவு பன்மடங்காவதால் மோட்டார் முக்கி நின்று சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஓட்டக் குறைவு 5 வோல்ட்டுக்கும் உட்பட்டதே.

நீர்வரத்தைச் சோதிப்பது மிக எளிது. பத்து லிட்டர் வாளி ஒன்றைக் குழாயின்கீழ் வைத்து, அது நிறையும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் போதும். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் வரத்து 10 லிட்டர்; 8 லிட்டர் இயந்திரத்துக்கு இது போதுமானது, 15 லிட்டர் இயந்திரத்துக்குப் போதாது. நீர் போதாத பம்பு காற்றை உறிஞ்சி உள்ளுறுப்புகள் தேய்ந்து கெடும். இச்சோதனையைப் பள்ளி மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். 8 லிட்டர் இயந்திரம் மணிக்கு 480 லிட்டர் நீரைச் செலவிடும் என்பதையும், 500 லிட்டர்த் தொட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கே வரும் என்பதையும் அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

மோட்டாரும் பம்பும்

விலை குறைந்த இயந்திரங்களில் கார்பன் பிரஷ் பொருத்திய மோட்டார் இருக்கும். அது எடை குறைந்தது; ஆனால் மிகுந்த வேகத்தில் இரைச்சலுடன் சுழல்வதால் விரைவில் சூடேறும்; இடையிடையே ஓய்வு கொடுத்தே ஓட்ட வேண்டும். இன்டக்ஷன் மோட்டார் கனமானது, விலை கூடியது; எனினும் மெதுவாகச் சுழன்று, தொடர்ந்து பல மணி நேரம் உழைக்கும். தம் வீட்டு வாகனத்தைக் கழுவுவோர்க்கு முன்னது போதும். கூலிக்கு வேலை ஏற்போர், அவ்வேலை எப்போதாவது வருவதாயினும், அன்றைய நாள் முழுதும் இயந்திரத்தை ஓட்ட நேரும். ஆதலின் அவர்க்குப் பின்னதே உகந்தது. பம்பின் தலை பித்தளையாலானதாக இருப்பின் கடற்காற்று வீசும் ஊர்களில் நெடுநாள் தாங்கும். துப்பாக்கிப் பிடியை விட்டவுடன் மோட்டார் தானே நிற்கும் அமைப்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அவ்வமைப்பு இல்லாத இயந்திரத்தில் நீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறி, அடைப்பு வளையங்களைக் கெடுக்கும்.

எதைக் கழுவலாம், எதைக் கழுவலாகாது

தாரையின் கோணமே சேதத்தையும் பயனையும் பிரிக்கும் எல்லையாகும். நுனிக்குழல்கள் வழக்கமாக நிறத்தால் வேறுபடுத்தப்படுகின்றன. சிவப்பு நேர்கோட்டுத் தாரை. மஞ்சள் 15 பாகை. பச்சை 25 பாகை. வெள்ளை 40 பாகை. கறுப்பு சோப்புக் கரைசலுக்குரிய அகன்ற மென்தாரை. சிவப்பு நுனி மரத்தையும் கல்லையும் செதுக்கவல்லது. பொதுவான வேலைக்குப் பச்சையும் வெள்ளையுமே போதும்.

கிழக்கேகோட்டையில் இது வெறும் நுணுக்கச் செய்தியன்று. இப்பகுதியின் பழைய வீடுகளில் வெட்டுக்கல்லும் சுண்ணக் காரையும் மிகுதி. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புறத்தில் கண்டு, 1807-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் 'லாட்டரைட்' எனப் பெயரிட்ட கல் இதுவே. நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் இயல்புடையது. இறுகிய மேற்பரப்பை நீர்த்தாரை அரித்துவிட்டால் உள்ளிருக்கும் பகுதி மழைக்கு இரையாகும். சுண்ணக் காரையும் அவ்வாறே இடுக்குகளிலிருந்து பெயர்ந்து போகும். சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரமாளிகையின் கூரைவிளிம்பைத் தாங்கும் மரக்குதிரைகள் போன்ற செதுக்கு வேலைகளின் அருகே இவ்வியந்திரத்தைக் கொண்டு செல்வதே தகாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதியும் மேற்பார்வையும் இன்றி யாரும் கை வைக்கலாகாது. பழஞ்சுவருக்கு மென்மையான தூரிகையும் பொறுமையுமே ஏற்ற கருவிகள். கருங்கல் தளம், சிமெண்டுத் தரை, இன்டர்லாக் கல் ஆகியவற்றுக்கே பிரஷர் வாஷர் உரியது. இன்டர்லாக் கல்லிலும் இடுக்கு மணலை வெளியேற்றாதபடி தாரையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எந்தப் பரப்பிலும் முதலில் கண்ணிற்படாத ஒரு மூலையில், ஒரு முழத் தொலைவிலிருந்து சோதித்துப் பார்த்தபின்னரே தொடங்குதல் நன்று.

உணவு விடுதிகளின் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரால் மட்டும் போகாது; சுடுநீர் வேண்டும். ஆனால் தண்ணீர் இயந்திரங்களில் பொதுவாக 40 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட நீரைச் செலுத்தலாகாது. பிளீச்சிங் பவுடர்க் கரைசலைப் பம்பின் வழியே செலுத்தினால் உறுப்புகள் அரிக்கப்படும். பாசிக்கு அதைத் தனியே தூரிகையால் பூசிச் சிறிது நேரம் கழித்துக் கழுவலாம். அதனுடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு உயிருக்கே ஊறு விளையும்.

ஆபத்தும் காப்பும்

நொடிக்கு 155 மீட்டர் வேகத்தில் வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே புகவல்லது. வெளியே சிறு ஊசிக்குத்துப் போலத் தோன்றும் அப்புண், உள்ளே நீரையும் அழுக்கையும் பரவவிட்டு விரலையோ கையையோ இழக்கச் செய்யக்கூடும். வலி குறைவென்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண் எவ்வாறு ஏற்பட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நுனிக்குழலை மனிதர்மேலும் விலங்கின்மேலும் திருப்புவதும், விரலால் அடைப்பதும் கூடாது.

தாரை முன்னே செல்லும்போது கருவியைப் பின்னே தள்ளுகிறது. சிறிய இயந்திரத்தில் இத்தள்ளல் 2 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. 200 பார் இயந்திரத்தில் 5 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. ஏணிமேல் நிற்பவரைக் கீழே விழச் செய்ய இது போதும். ஆகையால் ஏணியில் நின்று கழுவுதல் தவிர்க்கப்பட வேண்டும். மின்னிணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு அமைந்திருத்தல் கட்டாயமெனக் கொள்க.

எலிகள் உலவும் கிடங்குகளிலும் ஓடைகளிலும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி ஈரத்தில் உயிர்வாழ்கிறது. தாரை அதைத் தெறிக்கச் செய்யும். கண்ணாடி, முகமூடி, கையுறை, முழங்கால் வரையுள்ள ரப்பர்ச் செருப்பு ஆகியவை இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. உடலில் வெட்டுக்காயம் உள்ளவர் இவ்வேலையைத் தவிர்த்தல் நலம்.

கழுவிய நீர் எங்கே செல்கிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் மழைநீர் தேங்குவதை நீக்க 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் திட்டத்தின்கீழ் ஓடைகள் தூர்வாரப்பட்டன. குப்பையையும் பிளாஸ்டிக்கையும் நீர்த்தாரையால் ஓடைக்குள் தள்ளுவது அப்பணியை வீணாக்குவதாகும். முதலில் பெருக்கி அள்ளி, பின்னரே கழுவ வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். இயந்திரத்தின் விலை ரூ.30,000 என்றும், ஆண்டுப் பராமரிப்பு ரூ.3,000 என்றும், மூன்றாண்டுக்குப்பின் ரூ.9,000-க்கு விற்கலாம் என்றும் கொள்வோம். அப்போது மூன்றாண்டின் நிகரச் செலவு ரூ.30,000 ஆகிறது. நாள் வாடகை ரூ.1,000 எனின், மூன்றாண்டில் 30 நாட்கள், அதாவது ஆண்டுக்குப் பத்து நாட்கள் வேலை கிடைத்தாலன்றி வாங்குவது இலாபமாகாது. தத்தம் ஊரின் விலைகளை இட்டு இக்கணக்கை எவரும் செய்துகொள்ளலாம். முதல் சில வேலைகளை வாடகை இயந்திரத்தால் செய்து பார்ப்பவர், எந்த அளவு இயந்திரம் தமக்கு வேண்டும் என்பதை அனுபவத்தாலும் அறிந்துகொள்வர்.

சுருங்கக் கூறின், எப்போதாவது வரும் கூலி வேலைக்கு 120 முதல் 150 பார் வரை வேலை அமுக்கமும், நிமிடத்துக்கு 8 லிட்டருக்குக் குறையாத நீரளவும், இன்டக்ஷன் மோட்டாரும், பித்தளைத் தலையும், அருகிலேயே பழுதுபார்க்கும் வசதியும் கொண்ட இயந்திரம் பெரும்பாலோர்க்குப் போதுமானது. அதற்கு மேற்பட்ட விசை பாசியை விரைவில் அகற்றலாம். ஆனால் அதனுடன் கல்லையும் காரையையும், கவனம் தவறினால் கையையும் அகற்றிவிடும். வேலைக்கேற்ற விசையை அறிந்து வாங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.