எடுத்ததா, கொடுத்ததா?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே வற்றல் மிளகாய் மூட்டைகள். படியேறும்போதே தும்மல் வந்துவிடும். மாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பனியன். மூன்றும் முந்தைய நாள் நனைந்தவை. என் சித்தி மகனுக்கு முப்பத்தெட்டு வயது. சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சபையின் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முழுசாக மூழ்கி எழுந்திருக்கிறான். அன்று மாலையே செய்தி நாகர்கோவிலை எட்டிவிட்டது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சித்தி வந்து இறங்கிவிட்டாள். தம்பானூரிலிருந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

சித்தி உட்காரக்கூட இல்லை.

"சின்னப் பிள்ளைல ஐயரு ஒந்தலைல ஊத்துனது என்ன தண்ணி மக்கா? கொளத்துத் தண்ணியா?"

"தண்ணி நல்ல தண்ணிதாம்மா. எனக்குத்தான் அப்ப விசுவாசம் இல்ல."

"மூணு மாசப் பிள்ளைக்கு எங்கேருந்துடே விசுவாசம் வரும்? எனக்கு இருந்துச்சுல்லா!"

"அதத்தானம்மா நானும் சொல்லுகேன்."

இறையியல் கல்லூரிகளில் தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்டு விவாதிக்கிற விஷயம் இந்த நாலே பேச்சில் முடிந்துவிட்டது. ஒருத்தியின் விசுவாசம் இன்னொருவனுக்குச் செல்லுமா? தாய் கொடுத்தது போதுமா, மகனே எடுக்க வேண்டுமா?

எங்கள் பக்கத்தில் ஒருவர் எந்தச் சபை என்று கண்டுபிடிக்க வினைச்சொல்லைக் கவனித்தாலே போதும். சி.எஸ்.ஐ. வீட்டில் "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சு" என்பார்கள். கத்தோலிக்கர் வீட்டிலும் கொடுப்பதுதான்; 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்துக்குப் பிறகு அங்கே திருமுழுக்கு என்ற சொல் ஊன்றிவிட்டது. பெந்தெகொஸ்தேகாரர் மட்டும் "எடுத்தேன்" என்பார், தேதியோடு சொல்வார். ஆனால் இரட்சிப்பு என்று வந்தால் வினை தலைகீழாகப் புரளும். ஸ்நானத்தை 'எடுத்த' அதே மனிதர் "இரட்சிக்கப்பட்டேன்" என்று செயப்பாட்டுவினையில் பணிந்துபோவார். அதற்கும் தேதி உண்டு. சித்தியிடம் "இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அத ஆண்டவருல்லா சொல்லணும்" என்று சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து போவாள்.

இந்த வினைச்சொல் தகராறு கரையேறிய கதையும் தமிழ்க் கடற்கரையில்தான் இருக்கிறது. முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளையையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் ஆள் வைத்துத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். 1544இல் தன் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார்: பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லிவருகிறோம், அதை விட்டுவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடு. அதாவது, அதுவரை நம் மீனவர்கள் "கடவுளை நம்புகிறேன்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு "எனக்குக் கடவுள் வேணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பிழைதான். எனக்கென்னவோ அது அவ்வளவு மோசமான பிழையாகத் தோன்றவில்லை. நம்புகிறேன் என்பதற்குப் பாடம் கேட்டிருக்க வேண்டும். வேணும் என்பதற்குப் பசி இருந்தால் போதும்.

அதே ஆண்டின் கடைசியில் சேவியர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். முதலில் ஆண்கள், பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் அனுப்பிவைத்த பெண்களும் பிள்ளைகளும். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். இதை இன்றைக்கும் பெந்தெகொஸ்தே நண்பர்கள் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள்: மாதம் பத்தாயிரம் பேர் மனம் திரும்புவார்களா என்று. திரும்பினார்களோ இல்லையோ, அந்தக் கரையில் நானூற்றெண்பது வருடமாக மணி அடித்துக்கொண்டிருக்கிறது. நேர்மாறான கதையும் பக்கத்திலேயே உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். வளர்ந்த ஆள், யோசித்து எடுத்த முடிவு. அதற்கு விலையாக 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வாட்டிகன் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. கொடுக்கிற சபையிலும் எடுத்தவர்கள் இருந்தார்கள்.

அடுத்து வந்தவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள். மயிலாடி மகாராசன் தஞ்சாவூர் போய், மிஷனரி கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில் 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். லண்டன் மிஷன்காரர், பிரஷ்யக்காரர், கொஞ்சம் கிறுக்கு என்று சகாக்களாலேயே சொல்லப்பட்டவர். அவருக்கு இருந்த பெரிய தலைவலி, வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது. தலைவரி, ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை, அதிகாரிகளின் அடி. இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஞானஸ்நானம் கொடுப்பதில் கறாராக இருந்தார்.

அவர் சந்தேகம் சரிதான். ஆனால் கேள்வி தவறு என்பேன். முதுகு வளைந்தவனிடம் போய், உனக்கு வேண்டியது ஆத்தும இரட்சிப்பா, முதுகு நிமிர்வதா என்று பிரித்துக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? தோளில் துணி போடுவதற்காகப் பெண்கள் நடத்திய போராட்டம் 1820களில் சூடு பிடித்து, 1859 ஜூலை 26 அரசாணையில் ஓரளவு முடிந்தது. சந்தையில் மேலாடை கிழிக்கப்பட்ட பாட்டிக்கு இரட்சிப்பு என்ற சொல்லின் பொருள் நமக்கு விளங்குவதைவிட நன்றாக விளங்கியிருக்கும். அவள் ஞானஸ்நானத்தைக் 'கொடுத்ததாகவும்' சொல்லியிருக்க மாட்டாள், 'எடுத்ததாகவும்' சொல்லியிருக்க மாட்டாள். வேதத்துல சேர்ந்தேன் என்றுதான் சொல்லியிருப்பாள். இன்றும் கிராமத்தில் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டு வந்த பிரெடரிக் டக்கர் 1882 செப்டம்பரில் பம்பாயில் இரட்சணிய சேனையை இறக்கினார். காவி கட்டி, செருப்பில்லாமல் நடந்தவர்கள். அவர்களுக்கு ஞானஸ்நானமே கிடையாது. தெளிப்பும் இல்லை, முழுக்கும் இல்லை, திருவிருந்தும் இல்லை. சடங்கின் மேல் சாய்ந்துகொண்டு மனிதன் உள்ளே மாறாமலே இருந்துவிடுகிறான் என்பது சேனையை நிறுவிய ஜெனரல் பூத்தின் கட்சி. 1883இல் அவற்றை நிறுத்திவிட்டார். கொடியின் கீழ் நின்று உறுதிமொழி சொன்னால் சேனையில் வீரர். சொட்டுத் தண்ணீர் படாத இவர்கள்தான் நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி கட்டினார்கள். கேரளத் தலைமையகம் இங்கே கவடியாரில். ஆரியசாலையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். தண்ணீர் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் நான் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பதுண்டு. பேச்சு உடனே வானிலைக்குப் போய்விடும்.

லுத்தரன்கள் 1907இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அவர்கள் போதனை நேர் எதிர்: ஞானஸ்நானத்தில் செயல்படுவது மனிதன் அல்ல, கடவுள், தண்ணீரோடு அவர் வாக்கு சேருகிறது, ஆகவே பச்சைக் குழந்தைதான் கிருபைக்கு மிகப் பொருத்தமான ஆள், ஏனென்றால் குழந்தையால் எதையும் சம்பாதிக்க முடியாது. இந்த வாதத்தின் அழகை நான் எப்போதும் ரசிப்பேன். சித்திக்குத் தெரிந்திருந்தால் அன்று மகனிடம் இதை எடுத்து வீசியிருப்பாள்.

பெந்தெகொஸ்தே அலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரைத் தொட்டது. 1920களில், கேரளத்தில் பிறந்து இலங்கையில் கிறிஸ்தவரான ராமன்குட்டி, பாஸ்டர் பால் என்ற பெயரில், சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். வெள்ளை உடை, நகை இல்லை, மருந்து இல்லை, விசுவாச வீடு. அந்த வெள்ளைதான் பல சபைகளைச் சுற்றிக் கடைசியில் எங்கள் ஆரியசாலைக் கொடியில் காய்ந்தது. அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரில் மூழ்க வேண்டுமா, இயேசுவின் பெயரில் மட்டும் மூழ்க வேண்டுமா என்று பிரிந்து நிற்கிறார்கள். மூன்றின் பெயரில் எடுத்தவர் ஒன்றின் பெயரில் மறுபடி எடுத்த கதையும் உண்டு.

நம் ஊரில் சண்டை வீட்டுக்குள் முறைத்துக்கொள்வதோடு நிற்கிறது. ஐரோப்பாவில் உயிர் போனது. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர் ஒரு வீட்டில் கூடி, வளர்ந்தவர்களாக ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்சை 1527 ஜனவரி 5 அன்று நகர சபை கைகாலைக் கட்டி லிம்மத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. தீர்ப்புச் சொன்னவர்களும் சீர்திருத்தக்காரர்கள்தான். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை! குரூரமான நகைச்சுவை. இரட்சிப்பு கிருபையாலா, கிரியையாலா என்று பிரிந்துபோன கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்புர்க் நகரில் கூட்டறிக்கை போட்டு, கிருபையால்தான், நற்செயல் அதன் கனி என்று சமாதானமானார்கள். நானூற்றுச் சொச்சம் வருடம் கழித்து. அந்தச் செய்தி வடசேரிச் சந்தைக்கோ சாலைக் கடைத்தெருவுக்கோ இன்னும் வந்து சேரவில்லை.

இரட்சிப்பு ஒரு நாளில் முடிகிற காரியமா என்பதில் தமிழ்க் கவிஞர் ஒருவர் கட்சி கட்டியிருக்கிறார். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பன்யனின் யாத்திரைக் கதையை எடுத்துக்கொண்டு 1894இல் வெளியிட்ட காவியத்துக்கு இரட்சணிய யாத்திரிகம் என்று பெயர் வைத்தார். யாத்திரை என்றால் நடக்க வேண்டும், கால் வலிக்க வேண்டும், வழியில் சேறு உண்டு. தேதி குறித்து வைத்துக்கொள்கிற இரட்சிப்புக்கு இது ஒத்துவராத பெயர்.

ஜெபத்திலும் இதே பிளவுதான். கத்தோலிக்கர் செபமாலை 'சொல்வார்', சி.எஸ்.ஐ.காரர் ஜெபம் 'பண்ணுவார்', பாதி புத்தகத்தைப் பார்த்து. என் தம்பி இப்போது 'போராடி' ஜெபிக்கிறான், விடியற்காலை நாலு மணிக்கு, கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தத்தையும் மீறி. எழுதி வைத்த ஜெபம் செத்த ஜெபம் என்கிறான். சித்தி விடவில்லை. "அப்ப நீ தெனமும் சொல்லுக ஜெபம் ஒரே மாதிரில்லா இருக்கு? எழுதல, அவ்வளவுதான."

இந்த ஆரியசாலை வழியாகத்தான் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சாமிகள் ஊர்வலமாக வருகின்றன. வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது இங்கேயுள்ள கோயிலில். 1956இல் கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே எல்லை பிரிந்தபோது சாமிகள் பழைய பாதையை விடவில்லை. கிறிஸ்தவர்களோ கோடு கிழித்துக்கொண்டார்கள்: சி.எஸ்.ஐ. தென் திருவிதாங்கூர்த் திருமண்டலம் 1959இல் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. தம்பிக்கு அந்தக் கோடு பொருட்டில்லை, தண்ணீர்க் கோடுதான் பொருட்டு.

இந்தத் தண்ணீர்க் கோட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சி.எஸ்.ஐ. இரண்டாம் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. முதலாவது செல்லும் என்பதால் மறுபடி எடுப்பது அதை அவமதிப்பது. எடுத்தவரைச் சபை ஒழுங்குக்கு உட்படுத்துவார்கள். திருவிருந்துப் பந்தியில் சேர முடியாது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இடமும் பிரச்சினையாகும். சின்னச் சபைகளுக்குச் சொந்தமாகக் கல்லறை நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உயிரோடு இருக்கும்போது மேலோகத்தில் இடம் உறுதியாகிவிட்டது என்று பாடுகிறவர்கள், செத்த பிறகு ஆறடிக்கு அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி மாடிக்குப் போனாள். வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மடித்தாள். சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூசியைத் தட்டிவிட்டு அதையும் மடித்தாள். தம்பி கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"லேய், அப்பா பக்கத்துல ரெண்டு எடம் கெடக்கு. ஒண்ணு எனக்கு. மத்தத நான் ஐயருட்ட பேசிக்கிடுதேன்."

அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ரெண்டரைக்கு ஒரு பஸ் இருக்கும்மா," என்றான்.