சிற்றூர்ப் படக்கொட்டகை

திரை என்னும் சொல் தமிழில் கடலலையையும் குறிக்கும். மறைக்கும் சீலையையும் குறிக்கும். கூத்தும் நாடகமும் வளர்ந்த பழந்தமிழ் நாட்டில் அரங்கின் முன் அமைந்த சீலைக்கு எழினி என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் நீள அகலங்களைக் கோல் கணக்கில் கூறி, எழினி மூவகைப்படும் என்றும் உரைக்கின்றது. பிற்காலத்தில் தோற்பாவைக் கூத்தர், வெள்ளைச் சீலையின் பின்னே விளக்கேற்றித் தோலாற் செய்த பாவைகளின் நிழலை அதில் ஆடச் செய்தனர். எனவே, இருளில் அமர்ந்து ஒளிரும் திரையை நோக்கிக் கதை காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அவ்வழக்கத்திற்கு அறிவியல் அளித்த புதிய வடிவமே திரைப்படம். அதனைப் பெருநகர்க்கு அப்பால் சிறு நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தவை படக்கொட்டகைகள். அவற்றின் வரலாறு பொழுதுபோக்கின் வரலாறு மட்டும் அன்று. மக்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடி அமரக் கற்ற வரலாறும் ஆகும்.

தோற்றம்

பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பாரிசு நகரில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு அசையும் படங்களைக் காட்டினர். அதன்பின் ஏழு திங்கள் நிரம்புமுன்னரே, 1896 சூலை 7ஆம் நாள், பம்பாய் வாட்சன் விடுதியில் அத்தகைய படங்கள் காட்டப்பெற்றன.

தமிழ்நாட்டின் உட்பகுதிகளுக்கு இப்புதுமையைச் சுமந்து சென்ற முன்னோடி, கோவையைச் சார்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். அவர் திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைத் துறையில் பணிபுரிந்து வந்தார். 1905ஆம் ஆண்டில், படங்காட்டிக்கொண்டு ஊர்ப்பயணம் செய்த தூப்பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் கருவிகளை விற்க முற்பட்டபொழுது, வின்சென்ட் அவற்றை வாங்கினார்; வேலையைத் துறந்தார்; கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர்தோறும் சென்று படங்காட்டத் தொடங்கினார். மாதந்தோறும் வரும் ஊதியத்தை விட்டு, மக்கள் கண்டறியாத ஒரு தொழிலை நம்பி இறங்குதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அத்துணிவு வீண்போகவில்லை. 1914ஆம் ஆண்டில் அவர் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான கொட்டகையை நிறுவினார். அக்கொட்டகையின் பெயரைத் தாங்கிய சாலை அந்நகரில் இன்றும் உள்ளது.

சென்னையில் 1913இல் மின்சாரக் கொட்டகை ஒன்று மவுண்ட் சாலையில் எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் ரகுபதி வெங்கையா 'கெயிட்டி' கொட்டகையைத் திறந்தார். அந்நாளைய படங்கள் ஊமைப்படங்கள். ஆதலின், திரையில் தோன்றும் எழுத்துகளை உரக்கப் படித்துக் கதையை விளக்கும் ஒருவர் கொட்டகையில் நின்றிருப்பார். எழுத்தறியாதார் அவர் வாயால் கதை கேட்டு மகிழ்ந்தனர். 1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ் ஒலித்த முதற் பேசும் படம் எனப் போற்றப்படுவது அதுவே. அதன்பின் கொட்டகைகளுக்கு 'டாக்கீஸ்' என்னும் பெயர் நிலைத்தது. 1930களில் பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் அமைந்து, மின்கம்பிகள் சிறு நகரங்களை எட்டவே, கொட்டகைகளும் பெருகின.

கொட்டகையின் வகையும் அமைப்பும்

1955ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் திரைப்படக் கொட்டகைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பெற்றது. அதற்குரிய விதிகள் 1957இல் வகுக்கப்பெற்றன. அவ்விதிகள் நிலையான கொட்டகைக்கும், ஊர்விட்டு ஊர் செல்லும் கொட்டகைக்கும் வெவ்வேறு வகையான உரிமம் வழங்கின. பின்னதையே மக்கள் 'டூரிங் டாக்கீஸ்' என்றனர். அறுவடை முடிந்து கையில் காசு புரளும் காலம் பார்த்து, அஃது ஊருக்கு வெளியே உள்ள வெற்று நிலத்தில் வந்து இறங்கும். மூங்கிலும் பனங்கழியும் நட்டுக் கீற்று வேய்வர். அல்லது கூடாரத் துணி விரிப்பர். மின்சாரம் இல்லாத ஊரில் எண்ணெய் எஞ்சின் துணைசெய்யும்.

பகலில் கீற்றின் இடுக்கெல்லாம் வெயில் நுழையும். ஆதலால், பொழுது சாய்ந்த பின்னரே காட்சி தொடங்கும். பகற்பொழுதில் தட்டி கட்டிய மாட்டுவண்டி தெருத்தெருவாகச் செல்லும். பறை முழங்க, வண்ணத் தாளில் அச்சிட்ட நோட்டீசுகள் பறக்கும். சிறுவர் அவற்றைப் பொறுக்க வண்டியின் பின்னே ஓடுவர். மாலையில் ஒலிபெருக்கி பக்திப் பாடலைத் தொடங்கும். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுவே கடிகாரம். எந்தப் பாட்டு ஒலித்தால் காட்சி தொடங்கும் என்பதை அடுக்களையில் இருக்கும் பெண்டிரும் அறிவர். அதற்குள் உலையிறக்கி, உண்டு முடித்து, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி வரப்பு வழியே வந்துவிடுவர்.

உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி என மூவகை இருக்கை இருக்கும். தரை என்பது ஆற்றுமணல் பரப்பிய வெளி. முன்னிருப்பவர் தலை மறைத்தால், சிறுவர் மணலைக் குவித்து மேடை செய்து அதன்மேல் அமர்வர். ஆடவர் பகுதிக்கும் பெண்டிர் பகுதிக்கும் இடையே தாழ்ந்த சுவரோ தட்டியோ நிற்கும். இடைவேளையில் முறுக்கும் சோடாவும் தேநீரும் விலைபோகும். பாட்டுப் புத்தகமும் விற்கப்படும். அதனை எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றே எழுத்தறிவை வளர்த்துக்கொண்டவரும் உளர். படத்திற்கு முன்னர் அரசினர் செய்திப் படம் ஓடும். அவற்றை எடுப்பதற்கெனவே 1948இல் இந்திய அரசு ஒரு பிரிவை நிறுவியது. அணைகள் எழுவதையும் தலைவர்கள் பேசுவதையும் சிற்றூரார் முதன்முதலில் கண்ணாற் கண்டது அச்செய்திப் படங்களில்தான்.

ஒளியறை

கொட்டகையின் உயிர் அதன் பின்புறத்தே உள்ள ஒளியறையில் இருந்தது. படச்சுருளின் ஓர் அடி நீளத்தில் 16 படங்கள் அடங்கும். பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அவ்வாறாயின் ஒரு நிமிடத்தில் 1,440 படங்கள், அஃதாவது 90 அடிச் சுருள், ஓடும். 15,000 அடி நீளமுள்ள ஒரு படத்தில் 2,40,000 படங்கள் இருக்கும். அது முடிய ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு படமும் விளக்கின் முன் ஒரு கணம் அசையாது நிற்கும். அடுத்த படம் வந்து பொருந்தும்வரை ஒரு தகடு ஒளியை மறைக்கும். நின்று நின்று செல்லும் அப்படங்களைக் கண்ணும் மனமும் இணைத்து ஓட்டமாகக் கொள்கின்றன.

அவ்வொளிக்குக் கரிக்குச்சி விளக்கைப் பயன்படுத்தினர். இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளைச் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், அவ்விடைவெளியில் கண்கூசும் ஒளி பிறக்கும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றை நெருக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். மறந்தால் திரை மங்கும். மக்கள் சீழ்க்கை அடிப்பர். புழுக்கமும் புகையும் நிறைந்த அச்சிற்றறையில் நின்றவாறே ஆபரேட்டர் இரவுதோறும் உழைத்தார். இரண்டு பொறிகள் உள்ள கொட்டகையில் ஒன்றன் சுருள் முடியும் நொடியில் மற்றொன்றை இயக்கிவிடுவார். ஒரே பொறியுள்ள கொட்டகையில் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கெரியும். ஒரு படத்திற்கே மூன்று நான்கு இடைவேளை வாய்க்கும். திரையில் கதைமாந்தரைக் கண்டு அழுதவரும் சிரித்தவரும் இவர் முகத்தைக் கண்டதில்லை.

ஒளியறையில் இடரும் உண்டு. பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆனது. அதனால்தான் 1918ஆம் ஆண்டுச் சட்டமே கொட்டகைக்கு உரிமம் வேண்டும் என்று விதித்தது. ஒளியறைக்குத் தீப்பற்றாத சுவரும், கொட்டகையில் மணல் வாளியும் நீர் வாளியும் வேண்டப்பட்டன. தீப்பற்றாச் சுருள் வந்த பின்னரும் கீற்றுக்கூரையின் அச்சம் நீங்கவில்லை. 1979இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியதில் பலர் உயிரிழந்தனர். பழைய கொட்டகையின் இனிமையைப் பேசுவோர் இத்துயரையும் மறத்தலாகாது.

ஒரே கூரை

சிற்றூரில் தெருக்கூத்து நிகழும்போது இன்னார் இன்ன இடத்தில் அமர்தல் வேண்டும் என்னும் வரையறை இருந்தது. கோயிலிலோ, ஒரு சாரார்க்கு உள்ளே நுழையவும் உரிமை இல்லை. 1939 சூலை 8ஆம் நாள்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே படக்கொட்டகை தோன்றிவிட்டது. அதன் வாயிலில் நின்றவர் சீட்டைக் கேட்டனரேயன்றிக் குலத்தைக் கேட்கவில்லை. பணம் படைத்தவர் நாற்காலியில் அமர்ந்தனர். இல்லாதவர் மணலில் அமர்ந்தனர். உயர்வு தாழ்வு அங்கும் இருந்தது; எனினும் அது பிறப்பால் வந்ததன்று, காசால் வந்தது. காசு இன்று இல்லாவிடினும் நாளை உழைத்துப் பெறலாம். பிறப்பை மாற்ற இயலுமோ? தமிழர் அனைவரும் ஒருங்கே அமர்ந்த முதற் கலையரங்கம் படக்கொட்டகையே என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் பழைய வேற்றுமை முற்றும் ஒழிந்தது என்று கூறுவதற்கில்லை. காட்சி முடிந்ததும் அவரவர் தத்தம் தெருவிற்கே திரும்பினர். ஆயினும், இரண்டரை மணி நேரம் ஒரே நகைச்சுவைக்கு எல்லாரும் ஒன்றாய்ச் சிரித்தனர். ஒரே துயர்க்கு ஒன்றாய்க் கண்ணீர் விட்டனர். தன் கண்ணீரும் அயலான் கண்ணீரும் ஒன்றே என உணர்தல் சிறிய பயன் அன்று. கூடிய மக்களிடம் கருத்தைப் பரப்பும் ஆற்றல் கொட்டகைக்கு உண்டு என்பதை ஆட்சியாளரும் உணர்ந்தனர். 1939இல் வெளிவந்த 'தியாகபூமி' நாட்டுப்பற்றை ஊட்டியமையால் மறு ஆண்டிலேயே ஆங்கில அரசால் தடைசெய்யப்பெற்றது.

மறைவும் நினைவும்

1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1980களில் ஒளிநாடாவும், 1990களில் செயற்கைக்கோள் வழிவந்த தொலைக்காட்சியும் திரையை வீட்டிற்குள் கொணர்ந்தன. பின்னர் எண்முறைக் கருவி வந்து படச்சுருளை நீக்கியது. அதனை வாங்க இயலாத சிறு கொட்டகைகள் தளர்ந்தன. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் பல திங்கள் மூடிக் கிடந்தவற்றுள் சில மீண்டும் திறக்கவே இல்லை. கொட்டகைகளுட் பல திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறின; சில இடிக்கப்பட்டன. கொட்டகை மறைந்த பின்னும் பேருந்து நிறுத்தம் அதன் பெயரால் வழங்கும் ஊர்கள் உண்டு.

எஞ்சிய பழங்கொட்டகை ஒன்றைக் காணச் செல்பவர் கருத்தூன்றி நோக்க வேண்டியவை பல. சுதையால் பூவும் பறவையும் தீட்டிய முகப்பு, அதில் பொறித்த ஆண்டு, தரைக்கும் பெஞ்சுக்கும் தனித்தனியே அமைந்த சீட்டுச் சாளரங்கள், வரிசை கலையாதிருக்கக் கட்டிய குறுகிய வழி, பின்சுவரில் ஒளி வெளிப்பட்ட சிறு துளைகள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி கூறும். செருமானியப் புகைப்படக் கலைஞர் இருவர் தென்னிந்தியக் கொட்டகைகளின் முகப்புகளைப் படம்பிடிக்க, அப்படங்கள் 2016இல் நூலாக வெளிவந்தன. தொலைநாட்டார்க்கு அருமையாய்த் தோன்றியவை உள்ளூரார்க்கு எளியவாய்ப் போயின!

முதற் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று எவ்விடத்தும் கிடைப்பதில்லை. அதன் பிரதியைக் காக்க அன்று எவரும் எண்ணவில்லை. இந்தியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் அமைந்தது 1964ஆம் ஆண்டில்தான். படத்திற்கு நேர்ந்த இழப்பு கொட்டகையின் நினைவுக்கும் நேர்தல் கூடாது. சீட்டுக் கிழித்தவரும், நோட்டீசு வண்டி ஓட்டியவரும், கரிக்குச்சியை நெருக்கியவரும் இன்றும் ஊர்களில் முதியவராய் வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழி ஏட்டில் ஏறாவிடின் அவரோடு மறையும். மாணவர் தத்தம் ஊர்க் கொட்டகை எந்த ஆண்டில் எழுந்தது, யார் எழுப்பினார், யார் எங்கே அமர்ந்தனர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அரசர் எழுப்பிய கோபுரம் மட்டுமே வரலாறு ஆகாது; எளியோர் மணலில் அமர்ந்த கொட்டகையும் வரலாறே. அதனைக் காத்தல் கற்றோர் கடன்.