ரத்தம் நின்ற பிறகும் ஓடும் கணக்கு

மலத்தோடு ரத்தம் போனால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர் மூலம். கடையில் களிம்பு வாங்கித் தடவுவது, காரத்தைக் குறைப்பது, கருணைக்கிழங்கு மசியல் சாப்பிடுவது என்று மாதக்கணக்கில் போகும். பலருக்கு அது மூலமாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ரத்தத்தோடு சளியும் போகிறதா, ஒரு நாளில் ஐந்தாறு தடவை அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா, நடுராத்திரியில் வயிற்றுப்போக்கு எழுப்பிவிடுகிறதா, எடை குறைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்போடு நிற்கக் கூடாது. குடல் மருத்துவரைப் பார்த்து, பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உள்தோல் மேல்நோக்கிப் புண்ணாகிக்கொண்டே போகும் நோய் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மேலைநாட்டு நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்து 2003-ல் வெளியான கணக்கில், லட்சத்துக்கு 44 பேரிடம் அது இருந்தது. பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது. வந்தால் வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கிறது.

இந்த நோயுள்ள ஒருவருக்கு மலக்குடலில் புற்று வந்ததை 1925-லேயே நியூயார்க்கில் க்ரோனும் ரோசன்பெர்க்கும் எழுதிவிட்டார்கள். 2001-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் தொடங்கிப் பத்தாண்டில் 2 விழுக்காடு, இருபதாண்டில் 8, முப்பதாண்டில் 18 விழுக்காட்டினருக்குப் பெருங்குடல் புற்று வருவதாகத் தெரிந்தது. பின்னால் வந்த கணக்குகள் இதைவிடக் குறைவு. மருந்துகள் மேம்பட்டதும் இடைவிடாத கண்காணிப்பும் அதற்குக் காரணங்கள். புண் மலக்குடலோடு நின்றவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். குடல் முழுக்கப் பரவியவர்களுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று வந்தவர்களுக்கும், பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கும் அதிகம்.

அழற்சி எப்படிப் புற்றாகிறது? சான் டியேகோவில் மைக்கேல் கரினின் ஆய்வகம் 2004-ல் செய்த சோதனை இதில் ஒரு திருப்பம். எலிகளுக்குப் புற்றைத் தூண்டும் ஒரு ரசாயனத்தை ஊசியில் போட்டு, குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்து குடலைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கினால் கட்டிகள் முளைக்கும். குடல் உள்தோல் செல்களில் மட்டும் ஐகேகே-பீட்டா என்ற புரதத்தை நீக்கிய எலிகளில் கட்டிகள் சுமார் 80 விழுக்காடு குறைந்தன. ஆனால் குடலின் அழற்சி குறையவே இல்லை. கெட்டுப்போன செல் தானாகச் சாகாமல் அதைக் காப்பாற்றி வைத்த வழி அடைபட்டுப்போனதுதான் காரணம். 2012-ல் வெளியான இன்னொரு எலி ஆய்வில், குடலில் வாழும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியாவிடமிருந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நச்சைச் செய்யும் மரபணுத் தொகுதியை எடுத்துவிட்டார்கள். அதிலும் கட்டி குறைந்தது, அழற்சி அப்படியே இருந்தது.

அழற்சியின் அளவும் புற்றின் அபாயமும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. மனிதக் குடலிலும் இதற்கு ஒத்த செய்தி இருக்கிறது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் 2020-ல், அழற்சி நோய் கண்டவர்களின் குடலில் புற்று இல்லாத பகுதியிலிருந்து எடுத்த நுண்சுரப்பிகளின் மரபணுக்களைப் படித்தது. அங்கே மரபணு மாற்றங்கள் சேரும் வேகம் நலமான குடலைப் போல 2.4 மடங்கு. புண் ஆறி ரத்தம் நின்றுவிடலாம். அதுவரை சேர்ந்த மாற்றங்கள் செல்லிலேயே தங்கிவிடுகின்றன. ரத்தம் நின்றவுடன், அழற்சியை அடக்கி வைக்கும் மெசலமைன் மருந்தை நிறுத்திவிடுவதும், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டை நாமே வாங்கி விழுங்குவதும் எனக்கு அச்சம் தருவது இதனால்தான். ஸ்டீராய்டு கொதிப்பை அடக்கும், நோயை அடக்கியே வைத்திருக்காது. எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுக்கும்.

எனவேதான் அறிகுறி தொடங்கிய எட்டாம் ஆண்டில், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அதன்பின் அபாயத்தைப் பொறுத்து ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பித்தநாள நோயும் இருப்பவர்கள் எட்டாண்டு காத்திருக்கக் கூடாது. கண்டறிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும். சாதாரணப் பெருங்குடல் புற்று பெரும்பாலும் காளான்போல் துருத்தி நிற்கும் பாலிப்பில் தொடங்கும். கொலைட்டிஸ் குடலிலோ கேடு தட்டையாகவே படர்ந்து கிடக்கலாம். ஆகவே குடல் நன்றாகச் சுத்தமாகியிருக்க வேண்டும். சாயம் தெளித்துப் பார்ப்பதும், சந்தேகமான இடங்களில் சதை எடுப்பதும் வேண்டும். “சாயம் போட்டுப் பார்ப்பீர்களா? எத்தனை இடத்தில் பயாப்ஸி எடுத்தீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த எட்டாண்டுக் கணக்கு முதல் அறிகுறியின் தேதியிலிருந்து ஓடுகிறது. அந்தத் தேதி எங்கே எழுதியிருக்கிறது? 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். மூன்று ஆண்டில் போய்விடக்கூடிய காகிதத்தை நம்பி எட்டாண்டுக் கணக்கைப் போட முடியாது. அதே விதி நோயாளிக்கு ஓர் உரிமையும் தருகிறது: கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். முதல் கொலோனோஸ்கோபி அறிக்கையும் முதல் பயாப்ஸி முடிவும் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கட்டும். போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயாப்ஸியில் ‘டிஸ்பிளேசியா’, அதாவது புற்றுக்கு முந்தைய செல் மாற்றம், என்று வந்தால் பதறி உடனே அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. குடல் திசுவில் தேர்ந்த இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரும் அதை உறுதிசெய்வதே முறை. அதற்காகத் திசுக்கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சில சமயம் பெருங்குடலை முழுதாக எடுக்க நேரும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்கும் சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மலம் வெளியேற வயிற்றில் வழி வைப்பார்களா, அது நிரந்தரமா, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன் கேட்டறிய வேண்டும். சேவைக் குறைபாட்டால் பாதிக்கப்பட்டால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உதவி எண் 1915.

செலவைப் பற்றி. சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் குடல் மருத்துவத் துறை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தனியார் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். 2024 முதல், சொல்லி எடுத்த பழைய நோய்க்கு அதிகபட்சம் மூன்றாண்டுதான் காத்திருப்பு.

சாங்கர் நிறுவனம் படித்த திசு நோயாளிகள் கொடுத்தது. இங்கும் உங்கள் பயாப்ஸித் துணுக்கை ஆய்வுக்குக் கேட்கலாம், புது மருந்துச் சோதனைக்கு அழைக்கலாம். சேர்ந்தால் அறிவியலுக்கு உதவி. மனமுவந்து கொடுப்பவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு. ஆனால் சிகிச்சைச் சம்மதத்தோடு அதைக் கலந்து ஒரே கையெழுத்தில் வாங்கக் கூடாது. மறுத்தாலோ பாதியில் விலகினாலோ உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. மருந்துச் சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டின் விதிகளில் உண்டு. சம்மதப் படிவத்தின் பிரதி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் நேரே அவர்களிடமே கேட்கலாம்.